எட்டுப் போடுகிற நாள்

பத்து வருசமாக லைசென்ஸ் இல்லாமலே மோட்டார் சைக்கிள் ஓடித்திரிந்த சிவராசாவுக்கு, தொண்ணூற்றி நாலாம் ஆண்டு ஆனி மாதம் திடீரென்று லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று வந்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து வந்த ஆசை இல்லை. பெண்சாதி எடுத்துவிடுவாள் என்று தெரிந்த அன்று வந்த ஆசை.

உருத்திரபுரத்தில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதை ஓட்டத்தில் வைத்திருந்தவர்கள் இன்னும் குறைவு. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காது. எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் ஆறிப்போன எஞ்சினை மண்ணெண்ணெயால் கிளப்ப முடியாது. கண்ணுக்கு மருந்து விடுகிற போத்தல் மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு, நாலு துளியைக் காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து, எஞ்சின் பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இந்த வேலையில் சிவராசா கைகாரன். அவனுடைய எம்.டி. நைன்ரி மோட்டார் சைக்கிள் ஒரே உதையில் பிடிக்கும். போத்தல் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கும். அவசரம் என்றால் சனம் அவனிடம்தான் ஓடிவரும். அவனும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத்தான் வெளிக்கிடுவான்.

பெண்சாதி ஜெகதீஸ்வரி அந்தப் பகுதிக்கு மருத்துவிச்சி. சனங்களுக்கு அவள் மிஸ்ஸி. பிள்ளை நிறுக்கிற தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, வாய்க்கால் வரம்பு ஒழுங்கை என்று ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் மிதிப்பாள். சிவராசா பைக்கில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்போது, புதிதாக வந்த யாராவது "ஆர் உது?" என்று கேட்டால், ஊர்ச்சனம் "மிஸ்ஸியின்ர மனுசன்" என்று சொல்லும். பைக் அவனுடையது, புழுதி அவனுடையது, பெயர் மட்டும் அவளுடையது. இது அவனுக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் மருத்துவிச்சிமாருக்கென்று புது மோட்டார் சைக்கிள் கொடுத்தது. அந்தச் சுற்றுவட்டாரத்துக்கு ஒன்றே ஒன்று. வேலை கூடுதல் என்பதால் முதல் உரிமை ஜெகதீஸ்வரிக்கு. ஆனால் ஆவணி பிறக்க முதல் லைசென்ஸ் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அது தருமபுரத்து மிஸ்ஸிக்குப் போய்விடும். அவளிடம் லைசென்ஸ் ஏற்கெனவே இருந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்கு ஓடப் பழக்கிவிடுறியளோ?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள். அப்படிச் சந்தோசமாக அவள் ஒன்றைக் கேட்டு அவன் கனகாலம் காணவில்லை.

"பழக்கலாம். ஆனா எட்டு உமக்கு வராது. அது லேசுப்பட்ட விசயமில்லை" என்றான் சிவராசா.

சோதனையில் முதலாவது அதுதான். நிலத்தில் இரண்டு தடி நட்டிருக்கும். அவற்றைச் சுற்றி எட்டு எழுதுகிற மாதிரி ஓடவேண்டும். கால் நிலத்தில் பட்டால் அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். அது முடிந்தால்தான் கைச்சைகை காட்டிக்கொண்டு சந்திவரை போய்த் திரும்புகிற றோட்டு ஓட்டம்.

வாசிகசாலைக்குப் பக்கத்து வெறுங்காணியில் பழக்கம் தொடங்கியது. மூன்றாம் நாளே ஜெகதீஸ்வரி கியர் மாற்றினாள். ஐந்தாம் நாள் அவன் பிடிக்காமலே வட்டம் அடித்தாள். சிவராசாவுக்கு வயிறு எரியத் தொடங்கியது. அன்றைக்குப் பத்து நிமிடத்திலேயே, "பெற்றோல் முடிஞ்சுது. இனி நாளைக்கு" என்று வண்டியை நிற்பாட்டினான். போத்தலில் அரைவாசி இருந்தது. அடுத்த நாளும் முடிஞ்சுது. அதற்கடுத்த நாளும் முடிஞ்சுது.

அவள் கோபிக்கவில்லை, கெஞ்சவுமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், தராசையும் கரியரில் கட்டிவைத்துக்கொண்டு, அதே காணியில் எட்டுப் போட்டாள். இறுக்கமான எட்டு. சிவராசா வாசிகசாலைப் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தால் விறகோடு வந்த மீனம்மாவும் நின்று பார்த்தாள். மலையகத்திலிருந்து வந்து ஊரோடு ஊராகிவிட்ட குடும்பம். அவளுடைய மூன்று பிள்ளைகளும் ஜெகதீஸ்வரியின் கையில்தான் பிறந்தன.

"ஐயா, பாத்தீங்களா? மிஸ்ஸி இத்தன சுத்து சுத்தியும் கால் தரையில படவேயில்ல. நீங்க கூட ஒடிக்கிறப்ப கால ஊணுவீங்களே" என்றாள் அவள் வெள்ளந்தியாக.

அன்றிரவு சிவராசா சோற்றில் உப்பில்லை என்றான். உப்பு இருந்தது. மீனம்மா சொன்னது உண்மை என்பதுதான் பிரச்சினை. பத்து வருசமாகக் கிடங்கும் குழியுமான றோட்டில் காலை நீட்டி நீட்டி ஓடி, அவனுடைய வலது கால் அவனைக் கேட்காமலே நிலத்துக்குப் போய்விடும். மறுநாள் விடிய வெள்ளன, ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் அவன் தனியாகப் போய் எட்டுப் போட்டுப் பார்த்தான். ஆறு தரம் போட்டான். ஆறு தரமும் கால் பட்டது. வீட்டுக்கு வந்து, தானும் லைசென்சுக்குப் போடப்போவதாகச் சொன்னான்.

"நல்லதுதானே! ரெண்டுபேரும் ஒண்டாப் போகலாம்" என்று ஜெகதீஸ்வரி இரண்டு விண்ணப்பத்தையும் தானே நிரப்பினாள். விண்ணப்பம் கொடுக்கிற நாள் அவளுக்குக் கிளினிக். அதனால் இரண்டையும் சிவராசாதான் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனான்.

கந்தோரில் இருந்த கிளாக்கர் செல்வநாயகம் நல்ல மனிதர். பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு நாடியைச் சொறிந்தார். "தம்பி, சோதினை எடுக்கிற ஐயா மூண்டு மாதத்துக்கு ஒருக்காத்தான் வாறவர். ஆடியிலை வாறதுக்கு ஒரு இடந்தான் மிச்சம் கிடக்கு. மற்றது ஐப்பசிக்குத்தான். ஆரை முன்னுக்குப் போடுவம்?"

ஆவணிக்கு முன்னால் லைசென்ஸ் வேண்டும் என்பது சிவராசாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். புது பைக்கில் அவள் வாய்க்கால் றோட்டால் போவதும், சனம் வேலியோரம் வந்து நின்று பார்ப்பதும், பின்னால் தன்னுடைய மண்ணெண்ணெய் வண்டி புகைத்துக்கொண்டு வருவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"என்னைப் போடுங்கோ. அவ ஐப்பசிக்கு எடுக்கட்டும்."

"மிஸ்ஸிக்கு வேலைக்கு அவசரமில்லையோ?"

"அவசரமெண்டு ஒண்டுமில்லை" என்றான் சிவராசா. சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. வெளியே வந்து பைக்கை உதைக்கும்போதுதான் கொஞ்சம் கூசியது.

வீட்டில் கதையை மாற்றிச் சொன்னான். "அவங்களே என்ர பேரை மேலை போட்டிட்டாங்கள். உமக்கு ஐப்பசியாம். நான் சண்டைகூடப் பிடிச்சுப் பாத்தன்."

ஜெகதீஸ்வரி குசினி வாசலில் குந்தினாள். "அப்ப பைக் தருமபுரத்துக்குத்தான்" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு எழும்பிப் போய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தாள். சிவராசாவுக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம் வெகு நிம்மதியாக இருந்தது. நிம்மதிதான் கூடுதல்.

சோதனை நாளன்று அவள் லீவு போட்டுவிட்டு வெளிக்கிட்டு நின்றாள்.

"நீர் என்னத்துக்கு?"

"ஆராவது வராமல் விட்டா, அந்த இடத்தைக் கேட்டுப் பாக்கலாமல்லோ? கேக்கிறதிலை என்ன இருக்கு."

வரவேண்டாம் என்று சொல்ல அவனுக்குக் காரணம் அகப்படவில்லை. வழி முழுக்க, பட்டியலில் உள்ள அத்தனைபேரும் சுகதேகியாக வந்துசேரவேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஓடினான்.

பரீட்சை அதிகாரி கதிரை போட்டு மரநிழலில் இருந்தார். பக்கத்தில் செல்வநாயகம் பட்டியலோடு நின்றார். சிவராசாவின் முறை வந்தது. முதல் வளைவு நன்றாகத்தான் போனது. இரண்டாவது வளைவில் வண்டி சரிய, வலது கால் போய் நிலத்தைத் தொட்டுவிட்டு வந்தது. தொட்டது அவனுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஐப்பசிக்கு வாங்கோ" என்றார் அதிகாரி, நிமிர்ந்தும் பார்க்காமல்.

வண்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது ஜெகதீஸ்வரி, "பரவாயில்லை, விடுங்கோ. எல்லாருக்கும் வாறதுதான்" என்றாள். அந்த ஆறுதல் அவனுக்கு நெருப்பாகச் சுட்டது.

எல்லோரும் ஓடி முடித்தார்கள். கடைசியில் செல்வநாயகம் ஒரு பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். ஆளைக் காணவில்லை. ஜெகதீஸ்வரி உடனே எழும்பி அவரிடம் போனாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, மிஸ்ஸியும் வந்திருக்கிறியளோ! நல்லதாப் போச்சு. அண்டைக்கு ஒரு இடம் இருக்கேக்கை தம்பிதான் தன்னைப் போடச் சொன்னவர், உங்களுக்கு அவசரமில்லையெண்டு. இப்ப இடம் கிடைச்சிட்டுது. வாங்கோ, வாங்கோ."

ஜெகதீஸ்வரி திரும்பி சிவராசாவைப் பார்த்தாள். ஒரு தரம்தான். பிறகு அவனிடம் வந்து கையை நீட்டினாள். "பெற்றோலைத் தாங்கோ. எஞ்சின் ஆறிப்போச்சு."

முடிஞ்சுது என்ற சொல் நுனிநாக்குவரை வந்தது. ஆனால் உடுத்தியிருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. பையில் கிடந்த போத்தலும் அதில் முக்கால்வாசிக்கு நின்ற பெற்றோலும் அதிகாரிக்கே தெரிந்திருக்கும். எடுத்துக் கொடுத்தான். அவளே நாலு துளி பீச்சினாள், அவளே உதைத்தாள். ஒரே உதையில் பிடித்தது.

அவள் தடிகளை நோக்கிப் போனாள். சிவராசா அவளுடைய காலைப் பார்த்தான். அம்மாளாச்சி, நூற்றியெட்டுத் தேங்காய் உடைக்கிறேன், அந்தக் கால் ஒருக்கால், ஒரேயொருக்கால் நிலத்தில் படட்டும் என்று நேர்ந்தான். முதல் வளைவில் செருப்பு நுனிக்கும் நிலத்துக்கும் நாலு விரல் இடைவெளி. இரண்டாவது வளைவில் வண்டி சரிந்தது, சிவராசா குனிந்து பார்த்தான், வண்டி நிமிர்ந்தது. கால் படவில்லை. அதிகாரி கையைக் காட்ட, அவள் சந்திப் பக்கம் திரும்பி, வலது கையை அளவாக நீட்டிச் சைகை காட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அதிகாரி எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். ஆட்கள் கைதட்டினார்கள். சிவராசாவும் தட்டினான். தட்டாமல் நின்றால் பார்ப்பார்களே.

பிறகு இருவரும் ஒரு தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தார்கள். பாஸ் பண்ணின துண்டை அவள் கைப்பையில் வைத்து மூடினாள். கந்தோரில் தன்னை முன்னுக்குப் போடச் சொன்னதைப் பற்றி இப்போது கேட்கப்போகிறாள் என்று சிவராசா பதில்களை அடுக்கிவைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைக் கேட்கவில்லை.

"எட்டுப் போடேக்கை நான் ஒருக்கா நிமிந்து பாத்தனான்" என்றாள். "அந்த ஐயா என்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர். செல்வநாயகம் அண்ணையும் முகத்தைத்தான் பாத்தவர். நீங்கள் மட்டும் காலைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

சிவராசா தேத்தண்ணியை ஊதினான்.

"படவேணுமெண்டு நேந்தனீங்களோ?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்பியதாகக் காட்டிக்கொண்டு பேசாமல் இருப்பாள் என்பதும் தெரியும். என்னவோ அன்றைக்கு அவனால் சொல்ல முடியவில்லை.

"ஓம்" என்றான்.

"என்ன நேத்தி?"

"தேங்காய். நூத்தியெட்டு."

ஜெகதீஸ்வரி கோப்பையில் மிச்சமிருந்ததை ஆறுதலாகக் குடித்து முடித்தாள்.

"நீங்கள் எட்டுப் போடேக்கை நானும் நேந்தனான்" என்றாள். "உங்கட கால் படக்கூடாதெண்டு. உங்களுக்குக் கிடைச்சிட்டா, எனக்குக் கிடைக்காட்டியும் வீட்டிலை சண்டை வராதெண்டு நினைச்சன்."

அவள் எழும்பித் தேத்தண்ணிக்குக் காசு கொடுக்கப் போனாள். சிவராசா இருந்த இடத்திலேயே இருந்தான். வெட்கமாக இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. அதற்கும் நடுவில், நேர்த்தி வைப்பதில்கூட அவள் தன்னைவிட நல்லதாக வைத்துவிட்டாளே என்று அவனுக்கு எரிந்துகொண்டிருந்தது.