வலது முழங்கை

பெல்ட்டில் ஓட்டை போடுவது ஒரு வேலையா என்று நினைப்பவர்கள் சாய்த்துக் குத்திப் பார்க்க வேண்டும். ஓட்டை முன்பக்கம் ஓரிடத்திலும் பின்பக்கம் வேறிடத்திலும் விழும். பக்கிளின் முள் கோணலாக உட்காரும். கட்டியவர் நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுபடுவார். நோரீன் ரொட்டி வெட்டும் பலகையின் மேல் தன் கணவர் டெல்மரின் பெல்ட்டைக் கிடத்தி, குத்தூசியைச் செங்குத்தாக நிறுத்தி, சுத்தியலால் ஒரே தட்டு தட்டினாள். முதல் ஓட்டையை ஈஸ்டர் முடிந்ததும் போட்டாள். அடுத்ததைப் பீச் பழம் வந்தபோது. இப்போது புல்லில் உறைபனி விழத் தொடங்கியிருந்தது. பெல்ட்டின் நுனி சுற்றிக்கொண்டு முதுகு வரை போய்விட்டது.

அது துப்பாக்கி சுமக்கிறவர்கள் கட்டும் பெல்ட். இரண்டு தோலுக்கு நடுவில் கெட்டியான பட்டை ஒன்றை வைத்துத் தைத்திருக்கும். சாதாரண பெல்ட்டில் அந்த எடையை ஒரு பக்கமாக ஏற்றினால் அந்த இடம் வெளியே மடங்கிக்கொள்ளும். துப்பாக்கி உடம்பை விட்டு விலகிச் சாயும். கோட்டுக்கு மேல் புடைப்புத் தெரியும். தெரியக் கூடாது என்பதுதான் விஷயமே. துப்பாக்கியின் உறை பேன்ட்டுக்குள் இறங்கும். அதன் கொக்கி மட்டும் வெளியே வந்து, பெல்ட்டின் மேலாக இறங்கி, கீழ் விளிம்பைச் சுற்றிக் கவ்வும். கவ்வியதா இல்லையா என்பது விரல் நுனிக்குத் தெரிந்துவிடும். பேன்ட் துணியை மட்டும் பிடித்திருந்தால், துப்பாக்கியை உருவும்போது உறையும் சேர்ந்து கையோடு வந்துவிடும்.

டெல்மரின் விரல் நுனிகளைக் கீமோ மருந்து மரத்துப்போகச் செய்துவிட்டது. அதனால் ஞாயிறுதோறும் கொக்கியைத் தடவிப் பார்ப்பது நோரீனின் வேலை.

அந்த மலைப்பக்கத்தில் ஷெரிஃபின் போலீஸ் வண்டி வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். ஆகவே அவர்களுடைய சின்னச் சபையில் சில ஆண்கள் காவலுக்காகக் கோட்டுக்குள் துப்பாக்கியோடு ஆராதனைக்கு வருவார்கள். டெல்மருக்கு முன்வாசல். வருகிறவர்களின் கையைக் குலுக்கி, அன்றைய பாட்டு எண்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, தெரியாத முகம் வந்தால் இரண்டு வார்த்தை கூடப் பேசிப் பார்ப்பார். வசந்தத்தில் மாடுகள் தம்பி மகன் கைக்குப் போயின. கோடையில் வண்டி ஓட்டக் கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இந்த வாசல்தான். அதுவும் போனால் ஞாயிறும் மற்ற நாள்களைப் போல ஜன்னலோர நாற்காலியில் கழியும். அப்புறம் அவர் எழுந்திருக்கவே மாட்டார் என்று நோரீன் பயந்தாள். அதனால்தான் இத்தனை ஓட்டைகள். உறை முன்பக்கமாக நகராமலிருக்க, பேன்ட்டில் பெல்ட் நுழையும் லூப் ஒன்றைப் பிரித்து இடம் மாற்றிக்கூடத் தைத்திருந்தாள்.

"மூச்ச உள்ள இழு," என்றாள்.

"உள்ள என்ன இருக்கு இழுக்க?"

"புது பேன்ட் வாங்கலாம்னா கேக்க மாட்டேங்கற. சின்னப் பசங்க சைஸே உனக்குப் போதும்."

"அதுல டிராக்டர் பொம்மை போட்டிருப்பான். இதுலயே என்னைப் புதைச்சிடு. பின்னால மடிச்சுப் பின் குத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"வாய மூடிட்டுக் கைய தூக்கு."

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. டல்சாவிலிருந்து மகள். பேசிக்கொண்டே நோரீன் அடுப்பிலிருந்து பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரத்தை இறக்கினாள். அவள் திரும்பியபோது டெல்மர் கோட்டு போட்டு, தொப்பியோடு கூடத்துக் கண்ணாடி முன் நின்றிருந்தார். பாதி வழி போன பிறகுதான் கொக்கியைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வண்டியை நிறுத்தலாமா என்று நினைத்தாள். அவர் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார். சில வாரங்களாகவே வழக்கமாகிவிட்டபடி வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அவர் விழுங்கினார். கொக்கியைப் பற்றிய நினைப்பு அதோடு விட்டுப்போயிற்று.

சபை வாசலில் அவர் இடது கையால் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். சபையிலேயே மூத்தவளும் பருத்தவளுமான மிஸ் ஓப்பல் தன் கனத்த குளிர்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"டெல்மர், காத்தடிச்சாப் பறந்துடுவே போலிருக்கே. பாக்கெட்ல ரெண்டு கல்லு போட்டுக்கப்பா."

"நீங்க பக்கத்துலயே நில்லுங்க மிஸ் ஓப்பல். எந்தக் காத்தும் தாண்டி வராது."

ஓப்பல் சிரித்துக்கொண்டே அவர் தோளில் தட்டினாள், மெதுவாக. அவள் பின்னால் ராய்ஸின் பேத்தி ஹேட்லி வந்தாள். தீவனக் கடை வைத்திருக்கும் ராய்ஸ்தான் இந்தக் காவல்காரர்களுக்குத் தலைவர். குழந்தைக்கு மூன்று வயது. டெல்மர் அவளைத் தூக்கி ஒருமுறை சுற்றி இறக்கினால்தான் உள்ளே போவாள். கொஞ்ச நாளாக அவர் தலையை மட்டும் தடவி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று அவள் போகவில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். டெல்மர் குனிந்தார். இரண்டு கைகளையும் நீட்டினார்.

கம்பளத்தில் தொப்பென்று ஒரு சத்தம்.

துப்பாக்கி வெடிக்கவில்லை. அது உறையை விட்டு வெளியே வரவே இல்லை. அந்தக் கெட்டி உறை விசையை முழுவதுமாக மூடியிருக்கும். உள்ளே எதுவும் நுழைய வழியில்லை. அங்கிருந்த எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். குழந்தை மட்டும் அதை எடுக்கக் குனிந்தாள். ஓப்பல் தன் குளிர்கோட்டை அதன் மேல் போட்டு, ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் நிக்கறீங்க? உள்ள போங்க. பாட்டு ஆரம்பிக்கட்டும்."

ராய்ஸ் வந்து கோட்டோடு சேர்த்து வாரி எடுத்துப் போனான். டெல்மர் மீதித் தாள்களையும் கொடுத்து முடித்தார். எல்லோரும் அவர் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினார்கள்.

மத்தியானம் ராய்ஸ் வீட்டுக்கு வந்தான். குண்டுகளை வேறாகவும் துப்பாக்கியை வேறாகவும் மேசையில் வைத்துவிட்டு, வைக்கோல் எப்படி, மாடு எப்படி என்று பேசினான். காப்பி ஆறிப்போயிற்று. அவன் எதற்கு வந்திருக்கிறான் என்பது மூவருக்கும் தெரியும். நோரீனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தப்பு என்னோடது ராய்ஸ். நாந்தான் கொக்கியப் பாக்கணும். இன்னிக்கு ஃபோன்ல பேசிட்டுப் பாக்காம விட்டுட்டேன். அது துணியத்தான் புடிச்சிருக்கும். இவரு மேல குத்தமில்ல. இனிமே ரெண்டு தடவை பாக்கறேன். வாசல மட்டும் எடுத்துடாத."

"அப்படியா சிஸ்டர்," என்று ராய்ஸ் நிமிர்ந்தான். அவனுக்கும் இப்படி ஒரு காரணம் வேண்டியிருந்தது. "அப்படின்னா பரவால்ல. மாட்டுறப்ப நடந்த தப்புதானே."

டெல்மர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"கொக்கி சரியாத்தான் மாட்டியிருந்துச்சு நோரீன். கண்ணாடியில பாத்தேன்."

"பின்ன எப்படி விழும்?"

"அது எப்படிப் புடிக்குதுன்னு யோசிச்சுப் பாரு. கொக்கி பெல்ட்டப் புடிக்குது. பெல்ட் எதைப் புடிக்குது? இடுப்பு உள்ளேர்ந்து தள்ளினாத்தான் பெல்ட் விறைப்பா நிக்கும். விறைப்பா நின்னாத்தான் கொக்கி நழுவாது. கொக்கி இருக்கு, பெல்ட்டும் இருக்கு. தள்ளறதுக்குத்தான் உள்ள ஆள் இல்ல." அவர் வலது முழங்கையை விலாவோடு சேர்த்துக் காட்டினார். "புல்லறுப்பு முடிஞ்சதுலேர்ந்து இப்படித்தான் புடிச்சிட்டு நிக்கறேன். இன்னிக்கு அந்தக் குட்டி ரெண்டு கையும் தூக்கிட்டா. புள்ளையா துப்பாக்கியான்னு வந்துது."

நோரீன் அந்த முழங்கையையே பார்த்தாள்.

"வலிக்குதுன்னியே."

"நீ கேட்டே. ஆமான்னேன்."

"மாத்திரை குடுத்தேனே."

"முழுங்கினேன்."

ராய்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான். "தோள்ல மாட்டற உறை ஒண்ணு கடையில இருக்கு பிரதர்."

"தோளும் கடையில இருந்தாச் சொல்லு, வாங்கிக்கறேன்."

டெல்மர் துப்பாக்கியையும் உறையையும் மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல பிரதர்."

"அப்ப இத நீ எடுத்துட்டுப் போ. வாசலுக்கு நல்லா சாப்பிடற ஆளா ஒருத்தனப் போடு."

ராய்ஸ் கதவு வரை போய்த் திரும்பினான். "தாள் குடுக்க ஆள் வேணும். நீங்க வந்துடுங்க."

அடுத்த ஞாயிறு நோரீன் அவருக்குத் தோளில் வார் மாட்டிப் பேன்ட்டை நிறுத்தினாள். இடம் மாற்றித் தைத்திருந்த லூப்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாமென்று ஊசியை எடுத்து, ஒரு தையலைப் பிரித்து, அதோடு நிறுத்திவிட்டாள். அவர் சபையின் வாசலில் நின்றார். பக்கத்திலேயே ராய்ஸின் மகன், அகன்ற கோட்டுடன். ஹேட்லி வந்து கைகளை உயர்த்தினாள். டெல்மர் தாள்களை நாற்காலியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவளைத் தூக்கினார். நெஞ்சு உயரம் வரைதான் முடிந்தது. சுற்ற முடியவில்லை. இறக்கிவிட்டார்.

திரும்பும் வழியில் நோரீன் வண்டி ஓட்டினாள். அவருடைய வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. பிடித்துக்கொள்ள அங்கே இப்போது எதுவும் இல்லை. அவள் எதுவும் கேட்காமல் ஒரு கையால் கைப்பையைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி விழுங்கினார்.