ஷோனா வாய் திறந்தாள்

1

இந்தக் கதை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில், மைக்ரோவேவ் பக்கத்தில் பிறந்தது. லார்னி தன் பாஸ்தா சூடாவதற்காகக் காத்து நின்றபடி சொன்னாள்: "சுபா, நீ கதை எழுதுவியாமே. என்னைப் பத்தி எழுதேன். பேப்பர்க்காரன் எழுதினதைப் படிச்சா எவளுக்கோ நடந்த மாதிரி இருக்கு."

லார்னி வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மற்ற நாட்களில் தொழில்முறை ஃபுட்டி ஆட்டக்காரியாக இருந்தவள். மெல்பர்னின் மேற்குப் பக்கத்தில் ஃபுட்டி என்றால் ஒன்றுதான்: முட்டை வடிவப் பந்து, கையாலும் காலாலும் ஆடுவது, இடிப்பதற்குத் தடையில்லை. உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடித்துவிட்டால் அதற்கு மார்க் என்று பெயர். லார்னி அதில் பேர்போனவள். பந்து பறக்கும் திசையிலேயே தானும் ஓடுவாள். கண் பந்தின்மேல் இருக்கும். எதிரே யார் ஓடி வருகிறார்கள் என்று பார்க்க மாட்டாள். பார்த்தால் பந்து போய்விடும்.

போன அக்டோபரில் அப்படி ஒரு பந்தைப் பிடித்தாள். எதிரே ஓடி வந்தவள் அவளுடைய அணிக்காரியேதான். அவள் முட்டி லார்னியின் நெற்றிப்பொட்டில் இடித்தது. லார்னிக்கு அந்த மார்க் நினைவில்லை. அந்த ஆட்டம் நினைவில்லை. அன்று காலை என்ன சாப்பிட்டாள் என்பதும் தெரியாது.

(நான் லார்னியைவிடப் பதினைந்து வயது மூத்தவள். முறைப்படி அவள் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு பக்கம் அப்படி எழுதிப் பார்த்தேன். லார்னி காணாமல் போய்விட்டாள். 'நீ' இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "மாலை வெயிலில் பொன்னாக மின்னிய மைதானத்தில்–" அடித்துவிட்டேன். அன்று காலையிலிருந்து மழை.

இரண்டாவது: "ஒரு வீராங்கனையின் உடல் என்பது–" இதற்கு மேல் எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: "ரெயின்போ என்ற ஊரில் இரண்டு சிறுமிகள் பையன்கள் அணியில் ஆடினார்கள்." இது நிற்கட்டும். (ஊர்ப் பெயர் நான் வைத்ததல்ல. கோதுமைக் காட்டுப் பக்கம் உண்மையாகவே அப்படி ஓர் ஊர் இருக்கிறது.)

ஒருத்தி லார்னி. இன்னொருத்தி ஷோனா. பதினான்கு வயது ஆனதும் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் பையன்களோடு ஆடக் கூடாது, பெண்களுக்கென்று அணியும் கிடையாது. நெட்பால் ஆடப் போனார்கள். "பந்தை வச்சிக்கிட்டு ஓடக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. கல்யாண வீட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு" என்பாள் லார்னி. பிறகு பெண்களுக்கான தேசிய லீக் வந்தது. ஒரே கிளப் ஒரே நாளில் இருவரையும் எடுத்தது. ஷோனாவின் அப்பா டிராக்டரை வயல் நடுவில் நிறுத்திவிட்டு, வானொலியில் இரண்டு பெயரும் வரும்வரை இறங்கவே இல்லையாம்.

மெல்பர்னில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். லார்னி பள்ளிக்கூடத்துக்கு, ஷோனா எலக்ட்ரீஷியன் வேலைக்கு. சாயங்காலம் ஒரே காரில் பயிற்சிக்கு. இருவரும் பின்வரிசை ஆட்டக்காரிகள்.

அந்த முட்டி ஷோனாவுடையது.

3

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. அந்த மோதலுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, பயிற்சியில் லார்னி மல்லாக்க விழுந்து தலை தரையில் பட்டது. பயிற்சியாளர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். ஷோனா பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் தினமும் திரும்பும் திருப்பத்தை, காரை ஓட்டிய லார்னி கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

"வண்டியை ஓரமா நிறுத்துடீ. நான் ஓட்டறேன்."

"ஒண்ணுமில்லடீ. தூக்கம்."

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"சொன்னா உக்கார வச்சிருவாங்க. ஃபைனல்ஸ் வருது. நாம எத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருக்கோம்?"

"தலைடீ அது. முட்டியோ தோளோ இல்ல."

"யார்கிட்டயும் சொல்லாத. சத்தியமா."

ஷோனா சத்தியம் செய்தாள்.

அதன் பிறகுதான் அந்த மழை நாள். பிறகு ஒரு கோடை முழுவதும் லார்னி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தாள். பள்ளிக்குத் திரும்பியபோது விசில் சத்தம் தாங்கவில்லை. கையைத் தட்டித்தான் குழந்தைகளைக் கூப்பிட்டாள். நான்காம் வகுப்பில் ஒரு பெண்ணின் பெயர் மறந்துபோய், அவளை "சாம்பியன்" என்று கூப்பிட்டாள். பிறகு யாருக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது என்று எல்லோரையும் "சாம்பியன்" என்றாள். குழந்தைகளுக்கு ஒரே குஷி.

மெல்லத் தேறினாள். ஓடினாள். மறுபடி ஆடலாமா என்று ஒரு மருத்துவக் குழு முடிவு செய்யவிருந்தது. பட்டது ஒரே அடி, அதுவும் ஆறிவிட்டது என்றால் விட்டுவிடுவார்கள். அதற்குச் சற்று முன்பு இன்னொரு அடி, அதுவும் மறைத்த அடி என்றால் விட மாட்டார்கள். இது லார்னிக்குத் தெரியும்.

ஷோனாவுக்கும் தெரியும். ஷோனா போய்ச் சொல்லிவிட்டாள்.

4

சண்டை அவர்கள் வீட்டுக் கராஜில் நடந்தது. நான் அங்கே இல்லை. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வார்த்தைகள் ஏறக்குறைய ஒத்துப்போயின.

"அவங்க உன்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்களா?"

"இல்ல. நானாத்தான் போனேன்."

"தானாத்தான் போனாளாம்! டீம்ல என் இடம் வேணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமேடீ."

"என் முட்டிதான் உன் மண்டையில பட்டுச்சு. அந்தச் சத்தம் உனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு இருக்கு."

"சத்தியம் பண்ணின."

"பண்ணினேன். அதைத்தான் தினம் நினைச்சுக்கறேன்."

"சரி, ஷோனா. ரொம்ப நன்றிங்க. வீட்டை நான் காலி பண்ணிக்கறேன்."

(அந்த 'ங்க' என் வேலை. அவர்கள் மொழியில் 'நீ', 'நீங்க' இரண்டுக்கும் ஒரே சொல்தான், 'டீ'யும் கிடையாது. அன்று சொல் மாறவில்லை, குரல்தான் மாறியது என்று ஷோனா சொன்னாள். தமிழில் அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.)

மருத்துவக் குழு "வேண்டாம்" என்றது. கிளப்பில் ஒரு சின்ன வழியனுப்பு விழா. அவளுடைய ஜெர்ஸியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். லார்னி சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். பின்வரிசைக்காரிகள் சேர்ந்து நின்ற படத்தில் ஷோனா ஓரத்தில் நிற்கிறாள். அப்போது லார்னிக்கு இருபத்தொன்பது வயது.

5

ஷோனாவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிரதியில் அவளைத் துரோகியாக்கினேன். கதை விறுவிறுவென்று ஓடியது. இரண்டாவது பிரதியில் தெய்வமாக்கினேன், கதை படுத்துவிட்டது. நேரிலேயே பார்த்துக் கேட்டுவிடலாம் என்று, அவள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த புது வீட்டுக்குப் போனேன்.

"நல்லவளா எழுதாத" என்றாள், ஏணியிலிருந்து இறங்காமலே. "மொதத் தடவை வாயை மூடிக்கிட்டு இருந்தவளும் நான்தான். எனக்கும் ஃபைனல்ஸ் வேணும்னு இருந்துச்சு. அன்னிக்கே சொல்லியிருந்தா அவ அந்த மழையில ஆடியிருக்க மாட்டா."

"சொல்லிட்டு வந்தப்ப எப்படி இருந்துச்சு?"

யோசித்தாள். "பசிச்சுது. ரெண்டு பர்கர் சாப்பிட்டேன். கேவலமா இருக்குல்ல? அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

லார்னியிடம் பிரதியைக் கொடுத்தேன். பேனாவை எடுத்து ஓரிடத்தில் கோடு போட்டாள். "அழுதேன்னு எழுதியிருக்க. நான் அழல. கராஜ் கதவை உதைச்சேன். கால் விரல் வீங்கிப்போச்சு."

அழுகையை எடுத்துவிட்டேன். பர்கர் வரியில் நெடுநேரம் நின்றாள். "பதட்டமானா அவ தின்னுவா. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள்.

6

ஆகஸ்ட் வந்தது, புதுப் பருவத்தின் முதல் ஆட்டமும் வந்தது. "சும்மா பார்த்துட்டு வரலாம் வா" என்று லார்னிதான் கூப்பிட்டாள். வேலியோரமாக நின்றோம். இங்கே ஆகஸ்ட் குளிர்காலம், காற்று முகத்தை அறுத்தது. மூன்றாம் பகுதியில் ஒரு பந்து உயரமாக எழும்பியது. ஷோனா அதன் கூடவே ஓடினாள், தலையை அண்ணாந்தபடி. எதிரே ஒருத்தி பாய்ந்து வந்துகொண்டிருந்தாள்.

"முன்னாடி ஆளு! முன்னாடி ஆளு! விட்டுடு!" லார்னி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஷோனாவுக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கடைசி நொடியில் தோளைத் திருப்பினாள், பந்து நழுவியது, அவள் விழுந்து எழுந்து ஓடினாள். லார்னி வேலியிலிருந்து கையை எடுக்க வெகுநேரம் ஆயிற்று.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரிகள் வேலியோரமாகக் குழந்தைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருவது வழக்கம். ஷோனாவும் வந்துகொண்டிருந்தாள். இதற்கு மேல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கட்டிப்பிடித்து அழுகிறார்கள். பத்திரிகைக்காரன் படம் எடுக்கிறான். (இது அவன் கதை.)

இன்னொன்று: லார்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடக்கிறாள். என் நண்பர் ஒருவருக்கு இதுதான் பிடித்தது. இதில்தான் இலக்கியம் இருக்கிறதாம்.

மூன்றாவது: ஷோனா வேலியருகே வந்து, "தலைவலி இப்ப–" என்று ஆரம்பிக்க, லார்னி– இதையும் அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். நான் சூடான ஜாம் டோனட் வாங்கிவந்தேன். லார்னி பையைத் திறந்து பார்த்தாள்.

"மூணு இருக்கு?"

"ஆமா."

"நீ ரெண்டு திம்பியா?"

"மாட்டேன்."

ஒன்றை எடுத்துத் தின்றாள். உதட்டில் சர்க்கரை. என் பங்கை என்னிடம் நீட்டிவிட்டு, பையின் வாயை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "ஆறிடும்" என்றாள். ஷோனா இன்னும் நாலைந்து குழந்தைகள் தள்ளி, யாருடைய தொப்பியிலோ குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததையும் பார்த்தேன். அரைப் பக்கம் எழுதவும் செய்தேன். லார்னி படித்தாள், அந்த அரைப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு ஞாபகம் இருக்கு, சுபா" என்றாள். "நீ எழுத வேணாம்."