காலி என்ற சொல்

ரெய்மாவின் புதுத் துப்பாக்கி அன்று காலையில் மட்டும் இரண்டு முறை சிக்கியது. இரண்டாவது முறை சிக்கியபோது எதிரே ஒரு கொம்பன் மூஸ், குதிரை உயர மான், நின்றிருந்தது. அது அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஓடக்கூடச் செய்யாமல், சதுப்பைத் தாண்டி நடந்தே போனது. பக்கத்து நிலையில் இருந்த ஸுலோ இதை ரேடியோவில் வேட்டைக் குழு முழுவதற்கும் சொல்லிவிட்டான்.

குழுவின் ஷெட்டுக்குள் ஹெல்கா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கணவன் டூரே, காலையில் விழுந்த மூஸ் கன்றைக் கொக்கியில் மாட்டி, குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தான். சீட்டியடித்தான். எந்தப் பாட்டு என்று இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கும் தெரியாது. அவன் சீட்டியில் எல்லாப் பாட்டும் ஒன்றுதான்.

வாசலில் உலோகம் கடகடத்தது. பிறகு அண்ணன் ரெய்மாவின் குரல்.

"காலி!"

"கேட்டாச்சு" என்றாள் ஹெல்கா.

ஷெட் வாசலில் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு உரக்கச் சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். குழுவின் தலைவனான ரெய்மாவே பதினைந்து வருஷத்துக்கு முன் கொண்டுவந்த வழக்கம். ஒருவன் காலி என்று சொன்ன பிறகு மற்றவர் துப்பாக்கிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அவனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி.

"மூஸு உன்னைப் பாத்துச் சிரிச்சுதாமே, அண்ணே?"

"சிரிக்கட்டும். இந்தச் சனியனைப் பிரிச்சுப் பாரு. மத்தியான வேட்டைக்கு வேணும்."

துப்பாக்கியை வேலை மேசைமேல் வைத்தான். நாற்பது வருஷம், தோட்டாவை ஏற்றி இறக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து இழுத்துச் சுடும் பழைய துப்பாக்கிதான் வைத்திருந்தான். வசந்தத்தில் வலது தோளில் அறுவை நடந்தது. டாக்டர் உதை குறைவாக இருக்கும் துப்பாக்கி வாங்கச் சொன்னார். இது சுட்ட கையோடு வெற்றுக்கூட்டைத் தானே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொள்ள வேண்டும்.

ஹெல்கா மரம் வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவள். குழுவில் எல்லோர் துப்பாக்கியும் அவள் கைக்குத்தான் வரும். போல்ட்டின் ஓரத்தை விரலால் தடவினாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"எண்ணெய் விடலையா?"

"எண்ணெயா? குளிர் வரப்போற நேரத்துல எவனாவது எண்ணெய் விடுவானா? உறைஞ்சு கோந்தாயிடும். பெட்ரோல்ல கழுவி எலும்பு மாதிரி காயவச்சிருக்கேன். எங்கப்பா அப்படித்தான் செய்வாரு."

"உங்கப்பா எனக்கும் அப்பாதான். அவர் வச்சிருந்தது கையால இழுக்கிறது. இது தானா ஓடுற மெஷின், அதுவும் புதுசு. காயவச்சா எப்படி ஓடும்? கையேட்டைப் படிச்சியா?"

"அதை வச்சு அடுப்பு பத்தவச்சேன்."

போல்ட்டின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். அரை விரல் நகர்ந்து நின்றது. இரண்டு கையும் வேண்டும், முட்டியும் வேண்டும். விட்டுவிட்டாள். எப்படியும் பிரிக்கத்தானே போகிறோம். தோட்டாக்களை அடுக்கும் மேகசின் இருக்கும் இடம் ஓட்டையாக இருந்தது. ரெய்மா அதைக் கழற்றிப் பையில் போட்டிருந்தான். இந்த வகையில் முன்கட்டையைக் கழற்றும் முன் உள்ளே இருக்கும் சுத்தியலை இறக்க வேண்டும். அதற்கு விசையை ஒருமுறை அழுத்த வேண்டும்.

அழுத்தினாள்.

சத்தம் என்று சொல்ல முடியாது. சின்ன அறைக்குள் அது சத்தமாக இல்லை, அடியாக இருந்தது. மேசைமேல் காபிக் கோப்பைகள் துள்ளின. காலை முழுவதும் சண்டித்தனம் செய்த போல்ட் இந்த ஒருமுறை வெண்ணெய் மாதிரி ஓடி, வெற்றுக்கூட்டை எறிந்து, மறுபடி மூடிக்கொண்டது. கூடு தரையில் உருண்டு ரெய்மாவின் பூட்ஸில் இடித்து நின்றது.

எதிர்ச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் வந்தது.

சீட்டி நின்றிருந்தது.

ஹெல்கா ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும் என்று பிறகு நினைத்தாள். துப்பாக்கியை மேசைமேல் மெதுவாக, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல வைத்தாள். ரெய்மா வாயைத் திறந்தபடி ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயில் காபிக்குக் கடித்த ரொட்டி அப்படியே இருந்தது.

"டூரே" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "டூரே!"

தண்ணீர் மட்டும் பலகையில் அடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகுதான் கால் நகர்ந்தது. ஷெட்டைச் சுற்றிப் போக இருபது அடிகூட இருக்காது. போகும்போது யாரைக் கூப்பிடுவது, ஹெலிகாப்டர் எங்கே இறங்கும், மகளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று எல்லாம் வரிசையாக வந்து போயின. அழுகை வரவில்லை.

டூரே தரையில் உட்கார்ந்திருந்தான். கழுத்திலிருந்து முட்டி வரை ரத்தம். குழாய் அவன் பக்கத்தில் பாம்பாகப் புரண்டு அவன் மேலேயே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. ஹெல்கா மண்டியிட்டு, அவன் மேலங்கியைக் கிழித்துத் திறந்து, வயிற்றில், மார்பில், விலாவில், முதுகில் கை விட்டுத் துழாவினாள். சூடான ஓட்டை ஒன்றைத் தேடினாள். கிடைக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து துழாவினாள்.

"அது கன்னுக்குட்டியோடது" என்றான் டூரே, ரொம்ப சத்தமாக. "ரத்தம். என்னோடது இல்ல. ஒரு காதுல ஒண்ணுமே கேக்கல."

குழாய் மடங்கித் தண்ணீர் நின்றதால் மடிப்பை எடுக்கக் குனிந்திருக்கிறான். அவ்வளவுதான். குண்டு பலகையைத் துளைத்து, குனிந்தவன் மேலாகப் போய், கன்றின் பின்தொடையைக் கிழித்துக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தது. மரத்தில் கட்டியிருந்த நாய் ஹல்லியைக் காணோம். கயிறு அறுந்து தொங்கியது.

ரெய்மா பின்னாலேயே வந்து நின்றான். பையிலிருந்து மேகசினை எடுத்தான், இன்னொரு பையிலிருந்து தனித் தோட்டா ஒன்றை எடுத்தான். மேகசினிலிருந்து கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினான்.

"நாலு போட்டேன்" என்றான். "இழுத்தேன், ஒண்ணு வெளிய வந்துச்சு, எடுத்துப் பையில போட்டேன். அப்புறம்தான் மேகசினைக் கழட்டினேன். இதுல ரெண்டு இருக்கு."

அவன் பழைய துப்பாக்கியில் இழுத்த போல்ட் இழுத்த இடத்திலேயே நிற்கும். அதைத் தள்ளினால்தான் அடுத்தது ஏறும். இது கையை விட்டதும் தானே ஓடிப்போய், மேகசினில் இருந்த அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டது. முதலில் மேகசினைக் கழற்றியிருக்க வேண்டும். பொய் சொல்லவில்லை அவன். காலி என்று நம்பித்தான் காலி என்றான்.

ரேடியோ கரகரத்தது. ஸுலோ.

"ஷெட்டுப் பக்கம் யாருய்யா சுட்டது? மூஸு வந்து சரணடைஞ்சுடுச்சா?"

ரெய்மா ரேடியோவை எடுத்தான்.

"சும்மா சோதிச்சுப் பாத்தோம். இப்ப சரியா ஓடுது."

"அப்பாடா. சரி தலைவரே."

ஹெல்காவுக்கு வெடிச் சத்தத்தில்கூட இப்படித் தூக்கி வாரிப் போடவில்லை. அண்ணனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

"என்ன சொன்னான்?" டூரே கேட்டான். கேட்கும் காதைத் திருப்பினான்.

"சோதிச்சுப் பாத்ததா சொல்றான்."

"உரிமத்தைப் பிடுங்கிடுவாங்க, ஹெல்கா" ரெய்மா அவசரமாகச் சொன்னான். "எனக்கு மட்டும் இல்ல. விசையை அழுத்தினது நீ. மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையே. ஆகலைல்ல, மச்சான்?"

டூரே மனைவியைப் பார்த்தான்.

"நீ உள்ள பாத்தியா?"

"காலின்னு சொன்னான்."

"அவன் என்ன சொன்னான்னு கேக்கல. நீ பாத்தியா?"

இழுத்திருக்கலாம். இரண்டு கையும் ஒரு முட்டியும், அரை நிமிஷம். இறுக்கமாக இருந்தது என்று விட்டாள். யாரோ முன்பின் தெரியாதவன் சொல்லியிருந்தால் இழுத்துத்தான் பார்த்திருப்பாள். அண்ணன் சொன்னதால் பார்க்கவில்லை.

"பாக்கல."

டூரே தலையசைத்தான். கோபப்பட்டிருந்தால் தேவலை. சுவரைப் பிடித்து எழுந்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். அந்த ஓட்டை அவன் தொப்புளுக்கு நேராக இருந்தது. விரலை எடுத்துக் கால்சட்டையில் துடைத்தான்.

ஹெல்கா அண்ணன் கையிலிருந்த ரேடியோவைப் பிடுங்கினாள். அவன் விடவில்லை. இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி இழுத்தார்கள். அறுவை செய்த தோள் அவனுடையது, அவன்தான் விட்டான்.

"ஹெல்கா பேசறேன். அது சோதனை இல்ல. துப்பாக்கியில தோட்டா இருந்தது. நான் பாக்காம அழுத்திட்டேன். டூரே ஒரு ஜாண்ல தப்பிச்சான். வேட்டை நின்னாச்சு. எல்லாரும் தோட்டாவைக் கழட்டிட்டு வாங்க. போலீஸுக்கு நானே சொல்லிடறேன்."

"வேட்டையை நிறுத்த நீ யாரு?" ரெய்மா கத்தினான். "தலைவன் நான்டி!"

ரேடியோவில் ஸுலோ, கேலி இல்லாத குரலில், "டூரே பேசட்டும்" என்றான்.

அவள் ரேடியோவை நீட்டினாள். டூரே வாங்கவில்லை. கன்றின் ரத்தத்தோடும் நனைந்த சட்டையோடும் காட்டை நோக்கி நடந்தான்.

"எங்க போறே?"

"ஹல்லியைத் தேட."

"நானும் வரேன்."

அவள் ரேடியோவைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனாள். அவன் பத்து அடி நடந்து நின்றான், திரும்பி அவள் கைகளைப் பார்த்தான். இரண்டு கைகளிலும் ஒன்றும் இல்லை. இருந்தும் பக்கவாட்டில் ஒதுங்கி, அவளைத் தனக்கு முன்னால் போகச் சொல்லிக் கை காட்டினான்.

அவள் முன்னால் நடந்தாள்.