சிரிப்புக் காட்சியில் விழுந்த அடி

நிதுர்ஷன் மட்டக்களப்பின் கல்லடியில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவன். வயது முப்பது. அவனுடைய நண்பன் அக்ரம் ஏறாவூரிலிருந்து வந்து முதன்முதலாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரே நேரத்தில் மூன்று பெண்களைக் காதலிக்கும் ஒருவனை வீட்டார் பிடித்து உளவள ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். போன இடத்தில் அந்த ஆலோசகரையே அவன் காதலிக்கத் தொடங்குகிறான். அதுதான் கதை.

அந்த வேஷத்துக்கு நிதுர்ஷனைப் போட்டதற்குக் காரணம், அவன் நடிக்கத் தேவையில்லை என்பதே. படப்பிடிப்பில் எல்லோரும் அப்படித்தான் பகிடி பண்ணினார்கள். அவனுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆலோசகராக நடித்தவள் கம்சாயினி. ஒரு காட்சியில் அவள், "இதுவரைக்கும் எத்தின பேர ஏமாத்தின நீங்க?" என்று கேட்க வேண்டும். கேட்டாள். எழுதிக் கொடுத்திருந்த வசனத்தை விட்டுவிட்டு, நிதுர்ஷன் தன் சொந்தக் கதையைச் சொன்னான்.

"வாழைச்சேனையில ஒருத்தி. நாளைக்கு ஒன்பது மணிக்குப் பதிவுக் கந்தோருக்கு வா, கல்யாணத்த எழுதுவம் எண்டு சொல்லிட்டு, நான் பாசிக்குடாவில குளிக்கப் போயிட்டன். பின்னேரம் நாலு மணி மட்டும் சிவப்புச் சாறியோட வாசல்ல நிண்டிருக்காள். பாவம் பாத்துக் காவலாளி தண்ணி குடுத்தானாம்!"

கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்ரம் அந்தத் துண்டை மட்டும் வெட்டி முகநூலில் போட்டான். இரண்டு நாளில் மட்டக்களப்பு முழுக்கப் பார்த்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை கல்லடிக் கடற்கரையில் படப்பிடிப்பு. மூன்று காதலிகளும் சேர்ந்து கதாநாயகனை அடிக்கும் காட்சி. கேமரா ஓடத் தொடங்கியதும் மோட்டார் சைக்கிளில் ஒருவன் மணலுக்குள்ளேயே வந்து இறங்கினான். கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நேரே நடந்து வந்து, நிதுர்ஷனின் வாயில் ஓங்கி அடித்தான்.

படத்துக்காகத்தான் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். நிதுர்ஷன் துப்பிய இரத்தத்தோடு பல்லும் மணலில் விழுந்த பிறகே சிரிப்பு நின்றது.

"என்ட தங்கச்சிட மானத்த வித்தாடா சிரிக்கிறாய்?"

அவன் சதாகரன். பதிவுக் கந்தோரில் காத்திருந்த தனுஷியாவின் அண்ணன். அடுத்த அடி காதோடு விழுந்தது. கீழே விழுந்தவனின் விலாவில் சப்பாத்துக் காலால் மாறி மாறி உதைத்தான். பின்னாலிருந்து கட்டிப்பிடித்த அக்ரமைத் தூக்கி ஒரு தோணியின் விளிம்பில் மோதினான். சட்டையைப் பிடித்து இழுத்த கம்சாயினியின் மூக்கில் அவனுடைய முழங்கை பட்டு இரத்தம் ஒழுகியது. தோணிக்குள் கிடந்த துடுப்பை எடுத்து நிதுர்ஷனின் தோளில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

அந்த நேரம் வீதியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தனுஷியா இறங்கி ஓடி வந்தாள். அவள் டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். சதாகரன் முதலில் அங்கேதான் போயிருந்தான். சாமான் வாங்க வந்தவர்களுக்கு முன்னால் அவளை அறைந்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தான். அவளுடைய இடது கன்னம் வீங்கியிருந்தது.

"அண்ணன், நிப்பாட்டு!"

"உனக்காகத்தான் அடிக்கிறன். வீட்ட போ கா!"

"எனக்காகவா?" அவள் தன் வலது கையை நீட்டினாள். அது முழுதாக நீளவில்லை. முழங்கையில் கோணிக்கொண்டு நின்றது. "அண்டைக்கு நான் கந்தோரில இருந்து வீட்ட வந்த உடன, கிணத்தடிக்கு இழுத்திட்டுப் போய் இந்தக் கைய முறிச்சது ஆரு? இவனா? வழுக்கி விழுந்தன் எண்டு ஆஸ்பத்திரியில என்னைச் சொல்ல வெச்சது ஆரு?"

வலையை விட்டுவிட்டு ஓடி வந்த மீன்பிடிகாரர்கள் சுற்றி நின்றார்கள். சதாகரனின் முகம் கறுத்தது. துடுப்பை அவள் பக்கம் ஓங்கினான்.

நிதுர்ஷன் கிடந்த இடத்திலிருந்தே அவனுடைய காலைப் பிடித்தான். சதாகரன் மறுகாலால் அவன் முகத்தில் மிதித்தான். இரண்டு தரம் மிதித்தும் பிடி விடவில்லை. அதற்குள் நாலைந்து பேர் பாய்ந்து துடுப்பைப் பறித்து, சதாகரனை மணலில் அமத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

தனுஷியா நிதுர்ஷனைக் குனிந்து பார்த்தாள். அவன் கண் ஒன்று மூடிப்போயிருந்தது.

"நீ சொல்லிச் சிரிச்ச கதையில பாதிதான் இரிக்கு," என்றாள். "இனிச் சொன்னா முழுசாச் சொல்லு."

ஆஸ்பத்திரியில் அவனுக்கு உதட்டில் ஏழு தையல். தோளைச் சுற்றிக் கட்டு. மூன்றாம் நாள் உளவள ஆலோசகர் ஒருவர் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். ஸாதியா என்று பெயர். நிதுர்ஷன் பழைய பழக்கத்தில், "படத்திலயும் இப்பிடித்தான் மிஸ், உங்களைப் போல ஒருத்தர்..." என்று தொடங்கினான். அவர் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான்.

பிறகு அவர் கேட்டார். "அந்தப் பிள்ளை வீட்ட போன பிறகு என்ன நடந்திருக்கும் எண்டு எப்பவாவது யோசிச்சீங்களா?"

"இல்ல மிஸ்."

"ஒரு நாளும்?"

"அவ பிறகு போன்ல கோல் எடுக்கல்ல. எனக்கு அது வசதியா இருந்திச்சு."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே உறைத்தது. தையல் இழுபட இழுபட அழுதான். ஸாதியா அவனைத் தேற்றவில்லை. எழுந்தும் போகவில்லை.

கடற்கரையிலேயே பொலிஸ் பிடித்துப்போன சதாகரனுக்காக அவனுடைய மாமா மறுநாள் அப்பிள் பையோடு வந்தார்.

"தம்பி, நடிக்கக்குள்ள தெரியாமப் பட்ட அடி எண்டு பொலிசில சொல்லுங்க. பொடியன் வெளிய வந்திருவான். நீங்களும் பெரிய சுத்தமான ஆள் இல்லத்தானே. கிளறினா உங்களுக்குத்தான் வெட்கம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெட்கம் அவனுக்குத்தான். நிதுர்ஷன் பையை அவர் பக்கமே தள்ளினான்.

"அப்பிளக் கொண்டு போங்க," என்றான்.

வீட்டுக்கு விட்ட அன்றே அக்ரம் அவனைப் பொலிசுக்கு ஏற்றிப் போனான். தனுஷியா முன்பே வந்து, கை முறிந்தபோது கிடைத்த பழைய ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்து முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். நிதுர்ஷன் கடற்கரையில் நடந்ததைச் சொன்னான். பிறகு அவளை வரச்சொல்லி ஏமாற்றியதையும் அதைக் கேமராவுக்கு முன்னால் சொல்லிச் சிரித்ததையும் சொன்னான். எழுதிய பொலிஸ் சார்ஜன்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"இது உம்மட வழக்குக்குத் தேவையில்லையே?"

"எழுதுங்க சேர்."

தனுஷியா கையெழுத்து வைத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பாமல் வெளியே போனாள். அவள் ஒரு வார்த்தை பேசுவாள் என்று அவன் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தான். எதிர்பார்க்கத் தனக்கு என்ன உரிமை என்று பிறகுதான் நினைத்தான்.

சதாகரனை விளக்கமறியல் சிறையில் வைத்தார்கள். அக்ரம் முகநூலில் போட்ட துண்டை அழித்துவிட்டுப் படத்தையும் நிறுத்தினான். நிதுர்ஷன் வியாழக்கிழமைகளில் ஸாதியாவிடம் போகத் தொடங்கினான். தான் ஏமாற்றிய மற்ற இரண்டு பெண்களின் பெயர்களையும் அங்கேதான் முதன்முறையாகச் சிரிக்காமல் சொன்னான்.

முறைப்பாடு எழுதியதற்கு அடுத்த திங்கட்கிழமையே தனுஷியா மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனாள். கன்னத்தில் அடி கன்றிய அடையாளம் இன்னும் முழுக்க மறையவில்லை. மருந்து வாங்க வந்த ஒரு பெண், "என்ன பிள்ளை, முகத்தில?" என்று கேட்டாள்.

"அண்ணன் அடிச்சவர்," என்று தனுஷியா எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.