மௌனச்சாமியின் பெட்டி

“இன்னும் எத்தனை நாளைக்குடா கேக்காம இருப்ப?” என்று கிளம்பும் அன்று அக்கா கேட்டாள்.

“நேரம் வரட்டும்க்கா.”

“ரெண்டு வருஷமா வராத நேரமா? நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள அவ பேரன் கல்யாணத்துக்கே நமக்குப் பத்திரிகை வந்துடும்.”

அடுத்த மாதம் முதுகலைப் படிப்பு முடிந்து ஆளுக்கொரு திசையாகப் பறந்துவிடுவார்கள். இந்த ஒரு வார வெளிநாட்டுச் சுற்றுலாவை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. வகுப்பு அவனுக்கு மௌனச்சாமி என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அவன் கேட்க நினைக்கும் வகுப்புத் தோழிக்கு வைத்த பெயர் கலெக்டர். அவள் கைதட்டினால் நாற்பது பேரும் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பேராசிரியர் ஒரு சட்டம் போட்டார். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் பாஸ்போர்ட்டை மற்றவர் வைத்துக்கொள்ள வேண்டும். தன் பொருளைக் கோட்டைவிடுகிறவன்கூட அடுத்தவர் பொருள் என்றால் பொத்திப் பொத்தி வைப்பானாம். அகர வரிசை செய்த புண்ணியத்தில் கலெக்டரின் பாஸ்போர்ட் மௌனச்சாமியிடம் வந்தது.

அவன் பொத்தி வைத்த அழகில்தான் வந்தது வினை. சட்டைப் பை சரிப்படாது, தோள்பையும் ஆகாது என்று, பஸ்ஸில் ஏறுமுன் அதைப் பெட்டிக்குள் வைத்து எண் பூட்டைப் பூட்டினான்.

ஹோட்டல் வரவேற்பறையில் எல்லாரும் பாஸ்போர்ட்டைக் காட்டி, அறைச் சாவி வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார்கள். அவள் மட்டும் அவன் பெட்டிக்கு முன்னால் நின்றாள். அவனோ பூட்டில் கை வைக்கவே இல்லை.

“என்ன சாமி, தியானமா? நம்பரைச் சொல்லு, நான் திறக்கறேன்.”

மறந்துவிட்டது என்று முனகினான். பொய். அந்த எண் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அவள் முன்னால் சொல்லத்தான் வராது. பேராசிரியர் வந்து, மூளையையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாயா என்று விசாரித்தார். திறக்காவிட்டால் உடைத்துவிடச் சொல்லிவிட்டு மேலே போனார்.

உடைப்பதற்கு அவள் சம்மதிக்கவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பூஜ்யத்திலிருந்து ஒவ்வோர் எண்ணாகத் திருப்ப ஆரம்பித்தாள். இந்த வேகத்தில் போனால் நேராகத் திரும்பிப் போகும் விமானத்தையே பிடித்துவிடலாம் என்று நடுநடுவே நக்கல் வேறு. நூறைத் தாண்டியதும் அவன் குறுக்கே வந்தான். போதும், உடைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தான். கலெக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நூற்றுப் பதினேழில் பூட்டு டக்கென்று திறந்தது.

இரண்டு வருடமாக, நூற்றொன்றில் தொடங்கும் வருகைப் பதிவின்போது அவளை எழுந்து நிற்க வைக்கும் எண் அது. அவள் பாஸ்போர்ட்டை எடுக்கவில்லை. பூட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கேலி செய்யத் திறந்த வாய் அப்படியே நின்றது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? அவனும் தரையில் உட்கார்ந்தான்.

“ஊருக்குப் போனதும்… எங்க அம்மாவையும் அக்காவையும் உங்க வீட்டுக்குப் பேச அனுப்பட்டுமா?”