அண்ணனுக்கு டிபி இல்லை

வேம்புலி இறந்தபோது அவனுக்கு நாற்பத்தொரு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை; வாயில் எந்நேரமும் பீடி. வருடக்கணக்கில் டிபி மாத்திரை விழுங்கியும் மூச்சிரைப்பு குறையவில்லை. மேனாம்பேட்டு வீட்டின் உள்ளறையில் அவனுக்குத் தனிப் பாய், தனித் தட்டு. பிள்ளைகள் இருவரையும் மனைவி நாகவல்லி அவன் பக்கம் விட்டதே இல்லை.

தொண்ணூற்று மூன்றில் அவன் தம்பி உலகநாதன் அண்ணனூர் ஸ்டேஷன் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். வயது முப்பத்தாறு. அவனும் பீடி பிடிப்பவன்தான். அக்கா சொர்ணம் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அண்ணன் கதையைக் கேட்ட டாக்டரம்மா, இருவரிடமும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்.

முடிவு வந்ததும் நிதானமாக விளக்கினார். நுரையீரலைக் காக்கும் ஒரு சத்து உலகநாதன் ரத்தத்தில் மிகக் குறைவு. அப்பா, அம்மா இருவர் வழியாகவும் பிறவியிலேயே வந்த குறை. புகை பட்டால் நுரையீரல் சீக்கிரமே அரித்துப் போகும். அண்ணனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும், டிபி அல்ல.

"எனக்கு?" என்றாள் சொர்ணம்.

"உங்களுக்கும் அதேதாம்மா."

அன்று காலையில்கூடத் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தண்ணீர் தூக்கி வந்தவள் சொர்ணம்.

"இன்னும் எத்தினி வருசம் டாக்டர்?"

புகை பிடிக்காதவர்கள் பலர் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழ்கிறார்கள், பிடிப்பவர்கள் பலர் ஐம்பதைத் தாண்டுவதில்லை என்றார் டாக்டரம்மா. உலகநாதன் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

அங்கிருந்து நேராக நாகவல்லி வீட்டுக்குப் போனார்கள்.

"அண்ணனுக்கு டிபியே இல்லியாம் அண்ணி. ஒட்டிக்கிற சீக்கே இல்லியாம்," என்றாள் சொர்ணம்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த நாகவல்லியின் கை நின்றது.

"அப்பாகிட்ட போறேன்னு சின்னது அழுவும்," என்றாள் பிறகு. "நான்தான் கதவ சாத்தி வெச்சிக்கினு இருந்தேன். அவரு ஒண்ணும் கேக்கல. உள்ள இருமிகினே கெடந்தாரு."

சொர்ணம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நாகவல்லி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பெரியவன் லேத் பட்டறையில் சேர்ந்து பீடி பழகியிருந்தான். கீரையை அப்படியே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் பட்டறையை நோக்கி ஓடினாள்.

அப்பா வழியாக மட்டுமே வந்ததால் பிள்ளைகளுக்கு அந்தக் குறை பாதிதான் இருந்தது. பெரிய ஆபத்தில்லை என்றார்கள். சொர்ணத்துக்கு இன்றுவரை மூச்சில் ஒரு குறையுமில்லை. உலகநாதன் நாற்பத்திரண்டாவது வயதில் போனான். கடைசிவரை நாகவல்லிதான் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனுக்குச் சோறு ஊட்டினாள்.