ஏரி உப்பு என்று எழுதியவர்

அந்தத் தீவின் ரப்பர்த் தோட்டத்தைத் தாண்டி, அட்டைக்கடியோடு இரண்டு மணி நேரம் நடந்தால்தான் அந்த ஏரி. ஏரி என்பதே பெரிய பேச்சு; கல்லை விட்டெறிந்தால் அக்கரையில் விழும். அதைப் பார்க்கக் குழந்தைவேலு போர்ட் பிளேரிலிருந்து ஒன்றரை நாள் கப்பலில் வந்திருந்தார். தண்ணீர் சோதிக்கும் உத்தியோகம். வழி காட்டியவள் தோட்டத்தில் பால் வெட்டும் ராஜகுமாரி.

உப்பளக்கும் மீட்டரை முக்கினார். நல்ல தண்ணீர். அள்ளிக் குடித்தும் பார்த்தார். இளநீர் கெட்டது போங்கள்!

அவர் ஏரிக்கு வருவது இதுவே முதல் தடவை. ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே, 'உப்பு, குடிக்க உதவாது' என்று கையெழுத்துப் போட்ட மகானுபாவர் அவர்தான். அன்று கப்பல் துறையை விட்டு நகரவில்லை. கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து. சுனாமி புகுந்த தீவுதானே, வேறெப்படி இருக்கும் என்று எழுதிவிட்டார். தோட்டத்து லயன் வீடுகளுக்குக் குழாய் போடும் திட்டம் அதோடு படுத்துவிட்டது.

"யாரோ ஒரு ஆபீசர் சாப் உப்புன்னு எழுதிட்டாரு. மழையில கழுவிருச்சுன்னு நீங்க எழுதிருங்க சார். பைப் வந்தா போதும்" என்றாள் ராஜகுமாரி.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பேனாவைத் திறந்தவர், சும்மா இருக்கமாட்டாமல் கேட்டார்: "முன்னாடி உப்பாத்தான் இருந்துச்சா?"

"எப்பவும் இதே தண்ணிதான். எங்கப்பா பாட்டில்ல புடிச்சுக்கிட்டு ஆபீஸுக்கே போனாரு. சீனி கலந்து கொண்டாந்தியான்னு கேட்டுச் சிரிச்சாங்களாம். பொய்யன்னு பேரு வாங்கியே செத்துட்டாரு."

திறந்த பேனாவை மூடினார்.

"அந்த ஆளு நான்தாம்மா. இங்க வராமலே எழுதினேன்."

"அடப்பாவி மனுசா!" என்றாள். 'சார்' எல்லாம் பறந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத அப்படியே எழுது. எங்கப்பா நாகலிங்கம் சொன்னது நெசம்னும் எழுது."

படிவத்தில் அதற்கு இடம் கிடையாது. இந்த உண்மை வேலைக்கே உலை வைக்கும் என்றும் தெரியும். ஓரத்தில் நுணுக்கி எழுதினார்: 'முந்தைய அறிக்கை, நான் ஏரிக்கு வராமலே எழுதியது. தண்ணீர் நல்லது என்று நாகலிங்கம் அன்றே சொன்னது உண்மை.'

"படிங்க" என்றாள்.

படித்தார்.

"எங்கப்பா பேரு வர்றத மட்டும் இன்னொருக்கா படிங்க."